வெந்நீரில் ஒரு பிடி உப்பு

நம் வயதுக்காரிகள் நாலு பேர் கூடினால், பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் கண்ணுக்குக் கீழே விழுந்த கருவளையத்தில் வந்துதான் நிற்கிறது. பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும்போது ஒருத்தி கற்றாழை என்கிறாள். இன்னொருத்தி உருளைக்கிழங்குச் சாறு என்கிறாள். மூன்றாமவள் ஏதோ ஒரு சீரம் வாங்கி, அதைத் திறந்து பூசக்கூட நேரமில்லாமல் பீரோவிலேயே வைத்திருப்பதாகச் சொல்லிச் சிரிக்கிறாள். போன வாரம் கைக்குழந்தையோடு வந்த ஒருத்தி என்னிடம் கேட்டாள்: "லிப்ஸ்டிக் போட்டா எங்க மாமியார் ஒரு மாதிரி பாக்கறாங்க. புள்ள பெத்தவளுக்கு எதுக்கு இதெல்லாம்னு கேக்கறாங்க. நான் இன்னாதான் சொல்றது?"

அதற்குள் மணி அடித்துவிட்டது. பிள்ளைகள் ஓடி வந்து எங்களைப் பிரித்துவிட்டார்கள். என்னிடம் பதில் இருந்தது. ஆனால் அது வாசலில் நின்று சொல்லக்கூடிய நீளத்தில் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

மரக்காணத்து உப்பளம் உங்களில் பலருக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் போகும்போது ஜன்னல் வழியாகத்தான் தெரியும். வெள்ளை வெள்ளையாகக் குவியல்கள், நடுவில் கண்ணாடி பதித்த மாதிரி தண்ணீர். போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவீர்கள். நான் அதற்குள் வளர்ந்தவள். அந்த வெள்ளையை வெயிலில் பத்து நிமிடம் பார்த்தால் கண்ணை மூடினாலும் அது போகாது. இமைக்குள்ளே பச்சையாகவும் ஊதாவாகவும் மிதக்கும்.

கடல் பொங்கி ஊருக்குள் வந்ததே, அந்த மார்கழிக்கு அடுத்த கோடை அது. எனக்குப் பத்து வயது. எங்கள் வீடு கடலிலிருந்து உள்ளே தள்ளி இருந்ததால் தப்பித்தோம். அப்பாவும் அம்மாவும் கூலி வேலை பார்த்த உப்பளம் தப்பவில்லை. பாத்திகளெல்லாம் சேற்றால் மூடிப் போயின. அந்தச் சேற்றை அள்ளி வரப்பைத் திருப்பிக் கட்டவே தையும் மாசியும் கழிந்தன. பங்குனியில்தான் முதல் உப்பு விளைந்தது.

கடல் வருவதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் அம்மாவுக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்திருந்தார்கள். இரண்டும் தம்பிகள். ஒருவன் தூங்கினால் இன்னொருவன் விழிப்பான். இருவரும் ஒன்றாகத் தூங்கிய நேரத்தில் அம்மா சோறு வடிப்பாள், துணி துவைப்பாள், தண்ணீர் பிடிப்பாள். உப்பு விளையத் தொடங்கியதும் அவர்களைத் தூக்கிக்கொண்டு வேலைக்கும் போனாள். வரப்பு ஓரத்தில் ஓலைக் கொட்டகை ஒன்று இருந்தது. அதன் மூங்கிலில் பழைய புடவைகளால் இரண்டு ஏணை கட்டி அவர்களைப் போட்டுவிட்டு, கூடையில் உப்புச் சுமப்பாள். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் ஏணை ஆட்டுவது நான்.

அம்மா அப்போது எப்படி இருந்தாள் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். கன்னம் இரண்டிலும் மங்கு படர்ந்திருந்தது. குதிகால் பிளந்து, பிளவுக்குள் உப்பு ஏறி, நடக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு நடப்பாள். தலையைச் சீவவே மாட்டாள். சுருட்டிக் கொண்டை போட்டது போட்டபடி சடை விழுந்து கிடந்தது. ரவிக்கையில் எப்போதும் பால் நனைந்து காய்ந்த புளித்த வாடை. இதெல்லாம்கூட எனக்குப் பழகிவிட்டது. பழகாதது ஒன்றுதான். அம்மா பேசுவதை நிறுத்தியிருந்தாள். கேட்டால் ஆமாம், இல்லை. அதற்குமேல் ஒன்றும் வராது. நான் முதல் ரேங்க் வாங்கிய அட்டையைக் காட்டியபோது அதைப் பார்த்துவிட்டு, "அடுப்பு அணைஞ்சிடப் போவுது பாரு" என்றாள். அம்மாவுக்கு என்னைப் பிடிக்காமல் போய்விட்டது என்றே முடிவு கட்டியிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம். தம்பிகள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வீறிட்டார்கள். எவ்வளவு ஆட்டியும் அடங்கவில்லை. நான் கொட்டகையிலிருந்து வெளியே வந்து அம்மாவைத் தேடினேன். கடல் தண்ணீரை முதலில் தேக்கி வைக்கும் பெரிய பாத்தியின் நடுவில், முழங்கால் ஆழத்தில், அம்மா நின்றுகொண்டிருந்தாள். அங்கே அவளுக்கு ஒரு வேலையும் இல்லை. கூடை கவிழ்ந்து மிதந்துகொண்டிருந்தது.

"அம்மா! தம்பி அழுவறாங்கம்மா!"

அம்மா திரும்பினாள். என்னைப் பார்த்தாள். பஸ்ஸில் எதிர் சீட்டில் இருக்கும் யாரோ ஒரு பெண்ணைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு மறுபடியும் தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். வேலை செய்தவர்களெல்லாம் கையை நிறுத்திவிட்டார்கள். அப்பா தண்ணீரில் இறங்கிப் போய், அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக் கரைக்குக் கூட்டி வந்தார்.

"இன்னா ஆச்சி? புள்ளைங்க கத்தறது காதுல விழலியா?"

"விழுது," என்றாள் அம்மா. "யார் வூட்டுப் புள்ளையோ அழுவற மாதிரி இருக்குது."

இதற்கு முதலில் மருந்து சொன்னது பெரியம்மா. அப்பாவின் அண்ணன் மனைவி. எங்கள் வீட்டை ஒட்டி அவர்கள் வீடு. ஐந்து பிள்ளை பெற்றவள், குரல் பெரிது, தெருவில் அவள் சொன்னால் யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். அன்று சாயங்காலமே எங்கள் வாசலில் வந்து நின்று, தெருவே கேட்கிற மாதிரி சொன்னாள்.

"கடல்ல போனவங்க எத்தினி பேரு! ஒருத்தருக்காவது ஒழுங்கா காரியம் பண்ணாங்களா? அந்த ஆவிதான் சுத்திக்கினு இருக்குது. பச்ச ஒடம்புக்காரிய புடிச்சிக்கிச்சி. வர்ற அமாவாசைக்கு பூசாரிகிட்ட கூட்டிம்போயி நாலு சாத்து சாத்தினா ஓடிடும். நான் சொல்லி வச்சிட்டேன்."

அப்பா எப்போதுமே அதிகம் பேசுகிறவர் இல்லை. பீடியைக் காதில் செருகிக்கொண்டு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பூசாரி வேப்பிலையால் அடித்ததில் முதுகு தடித்துப் போன ஒரு பெண்ணை நான் திருவிழாவில் பார்த்திருந்தேன்.

இரண்டொரு நாள் கழித்து அப்பா வேலைக்குப் போகாமல், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எங்கோ கிளம்பிப் போனார். எங்கே என்று யாரிடமும் சொல்லவில்லை. "பூசாரியப் பாக்கத்தான் போயிருக்கான்" என்று பெரியம்மா திருப்தியாகச் சொன்னாள். நானும் அப்படித்தான் நம்பினேன். அப்பா பொழுது சாய்ந்து திரும்பி வந்தார். என்னைப் பார்க்காமல் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார்.

மறுநாள் காலையில் சித்தி வந்து இறங்கினாள்.

சித்தி அம்மாவின் கடைசித் தங்கை. பாண்டிச்சேரியில் ஒரு பியூட்டி பார்லரில் வேலை. இருபத்திரண்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. எங்கள் தெருவில் புருவம் திருத்திய முதல் மனுஷி அவள்தான். ஒரு துணிப் பையும், பூட்டு வைத்த சிவப்புப் பெட்டி ஒன்றும் கொண்டு வந்தாள். வேலையிலிருந்து துரத்திவிட்டார்கள் போல என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். எவனோ ஏமாற்றிவிட்டான் போல என்றும் பேசிக்கொண்டார்கள். சித்தி யாருக்கும் பதில் சொல்லவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றியவள், அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் ஒரு நொடி அப்படியே நின்றுவிட்டாள். அப்புறம் அம்மாவின் இடுப்பிலிருந்த தம்பியை வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"அக்கா, போயி தூங்கு."

"சோறு ஆக்கணும்."

"நான் ஆக்கறேன். தூங்கு."

"பெரியவனுக்கு பால் குடுக்கணும்."

"நேரம் வந்தா உன் பக்கத்துல கொண்டாந்து போடறேன். கண்ணக்கூட தொறக்க வேணாம். தூங்குன்றேன்ல."

அம்மா படுத்தாள். படுத்தவள் மத்தியானம் தாண்டியும் எழவில்லை. இடையில் சித்தி தம்பிகளை ஒருவர் மாற்றி ஒருவராகக் கொண்டுபோய் மாரில் அணைத்துப் படுக்க வைத்துவிட்டு, குடித்து முடித்ததும் தூக்கி வந்துவிடுவாள். அம்மாவின் குறட்டைச் சத்தத்தை அன்றுதான் நான் முதன்முதலாகக் கேட்டேன். அம்மாவுக்குக் குறட்டை வரும் என்பதே அதுவரை எனக்குத் தெரியாது. எனக்கு முன்னால் அவள் தூங்கி நான் பார்த்ததே இல்லை.

அடுத்த நாள் சித்தி அம்மாவை அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். தம்பிகளில் ஒருவனைத் தூக்கிக்கொண்டு நானும் கூடப் போனேன். அங்கே வயதான நர்சம்மா ஒருவர் அம்மாவின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு, ரத்தம் துளிகூட இல்லை என்றார். அப்புறம் என்னென்னவோ மெதுவாகக் கேட்டார். அம்மா தலையை மட்டும் ஆட்டினாள். "சில பேருக்கு புள்ள பெத்த பிறவு மனசு இப்படி இருட்டிக்கும்மா. பேயும் இல்ல, உன் தப்பும் இல்ல. மாத்திரைய விடாம சாப்பிடு. தனியா மட்டும் இருக்காத. மாசாமாசம் வந்து என்னப் பாரு" என்றார். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். சித்தி அதையெல்லாம் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

எங்கள் வீட்டில் இருந்த ஒரே கண்ணாடி அப்பா முகம் மழிக்கும் கண்ணாடி. அது அப்பாவின் உயரத்துக்குச் சுவரில் தொங்கியது. அம்மா குள்ளம். அதில் அவளுக்கு உச்சி வகிடுகூடத் தெரியாது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் சித்தி அதைக் கவனித்தாள். அம்மிக் குழவியை எடுத்து, அம்மாவின் உயரத்துக்கு இன்னொரு ஆணியை அடித்து, கண்ணாடியை அதில் மாட்டினாள். "மாமா குனிஞ்சி பாத்துக்கட்டும்" என்றாள்.

அன்று அம்மாவின் தலையைப் பிரித்தோம். பிரித்தோம் என்றால் முடிச்சு முடிச்சாக, விளக்கெண்ணெயும் தேங்காயெண்ணெயும் கலந்து ஊற்றி, சித்தி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் உட்கார்ந்து பிரித்தோம். கைப்பிடி முடி கையோடு வந்தது. அம்மா அதைப் பார்த்துப் பயந்தாள். "புள்ள பெத்தா எல்லாருக்கும் கொட்டும்க்கா. திரும்பி வரும்" என்றாள் சித்தி. சீயக்காய் தேய்த்து அலசி, சாம்பிராணிப் புகை காட்டியபோது வீடே வேறு வாசம் அடித்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு, சித்தியின் கை போகிற பக்கமெல்லாம் தலையைச் சாய்த்துக் கொடுத்தாள். நாங்களெல்லாம் எதையாவது கேட்பதற்காகவே அவளைத் தொட்டுக்கொண்டிருந்தோம், பால், சோறு, பேனா, புடவைத் தலைப்பு என்று. ஒன்றும் கேட்காமல் அவளைத் தொட்ட கை அந்த வருஷத்தில் அது ஒன்றுதான். இது எனக்குப் புரிய நானும் இரண்டு பெற வேண்டியிருந்தது.

ஆனால் அம்மா சிரித்தது அன்றைக்கு இல்லை. கால் ஊற வைத்த அன்றைக்கு.

சித்தி ஒரு பிளாஸ்டிக் டப்பில் வெந்நீர் ஊற்றி அம்மாவின் முன்னால் வைத்தாள். பிறகு அடுப்பங்கரையிலிருந்து ஒரு பிடி உப்பை அள்ளி வந்து அதில் போட்டாள். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இன்னாடி இது?"

"இதான்க்கா பெடிக்யூர். பார்லர்ல இப்படித்தான் செய்வோம். வெந்நீர்ல உப்பப் போட்டு கால ஊற வச்சா அலுப்பெல்லாம் போயிடும். பெரிய பெரிய வூட்டு அம்மாங்க கார்ல வந்து, காசு குடுத்து கால வச்சிக்கினு உக்காந்திருப்பாங்க."

"உப்புத் தண்ணியில?"

"ஆமா."

"காசு குடுத்து?"

"ஆமான்றேன்."

அம்மா குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். உப்பால் வெளுத்து, பிளந்து, காய்ந்த ஏரி மண் மாதிரி இருந்த கால்கள். "ஏண்டி, நான் விடிஞ்சதுலேருந்து பொழுது போற வரைக்கும் உப்புத் தண்ணியிலதான்டி நிக்கிறேன். இதுக்குப் பேரு பெடிக்யூரா?" என்றாள். சொல்லும்போதே உதடு ஒரு பக்கமாகக் கோணியது. முதலில் அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். பிறகு சத்தம் வந்தது. அம்மா சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் தளும்பி வழியச் சிரித்தாள். சித்தி சிரித்தாள். ஏன் என்று தெரியாமலே நானும் சிரித்தேன். தம்பிகள் ஏணையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

"உப்ப எடுத்துடு, நல்ல தண்ணி ஊத்து," என்றாள் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு. "உப்பு எனக்கு போதும்டி." சித்தி டப்பைக் கவிழ்த்துவிட்டு நல்ல தண்ணீர் ஊற்றினாள். ஊறிய குதிகாலைக் கல்லால் தேய்த்து, தேங்காயெண்ணெயில் மெழுகு உருக்கிக் கலந்து பூசி, அப்பாவின் பழைய காலுறையை மாட்டிவிட்டாள்.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் அம்மாவுக்கு என்று ஆகிவிட்டது. தம்பிகளை நான் தெருவுக்குத் தூக்கிப் போய்விட வேண்டும். சிவப்புப் பெட்டி திறக்கும். அதற்குள் இருந்தவை இன்றும் எனக்கு வரிசையாக நினைவிருக்கின்றன. ரோஸ் நிறப் பஞ்சு வைத்த வட்டப் பவுடர் டப்பா. குச்சியோடு வரும் சாந்துப் பொட்டு. வெல்வெட் மாதிரி மினுங்கும் ஸ்டிக்கர் பொட்டு அட்டை. ஒரு பக்கம் உருகிப்போன லிப்ஸ்டிக். கண்மை டப்பா, சிவப்பும் ரோஸுமாக இரண்டு நெயில் பாலிஷ் குப்பி. அந்தப் பவுடர் டப்பா மாதிரி ஒன்றைத் தேடி நான் எத்தனையோ கடை ஏறி இறங்கிவிட்டேன். இப்போது அப்படி வருவதில்லை.

ஒரு சாயங்காலம் நான் தம்பிகளோடு திரும்பி வந்தபோது அம்மா கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருந்தாள். மை தீட்டியிருந்தாள். உதட்டில் சிவப்பு. பெரிய தம்பி அவளை அடையாளம் தெரியாமல் கொஞ்ச நேரம் வெறித்துப் பார்த்தான். பிறகு என் இடுப்பிலிருந்து தாவி அந்த உதட்டைக் கையால் அப்பினான். அவன் விரலெல்லாம் சிவப்பு. அம்மா அந்த விரலைக் கடிப்பது போல விளையாட்டுக் காட்டினாள். நான் அவள் மடியில் சாய்ந்துகொண்டேன். அவள் தள்ளிவிடவில்லை.

அப்போது அப்பா வந்தார். வாசற்படியில் ஒரு காலை வைத்தவர், அம்மாவைப் பார்த்தார். அப்படியே கொஞ்ச நேரம் நின்றார். அவர் முகம் எப்படியோ ஆகிவிட்டது. திரும்பி, வந்த வழியே தெருவில் இறங்கிப் போய்விட்டார்.

அம்மாவின் கை கீழே விழுந்தது. முந்தானையால் உதட்டை அழுத்தித் துடைத்தாள். மை கன்னத்தில் இழுபட்டது. "பெட்டிய மூடுடி. இதெல்லாம் எனக்கு எதுக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டுச் சன்னலிலிருந்து பெரியம்மாவின் குரல் வந்தது. "புருசனே மூஞ்சத் திருப்பிக்கினு போறான் பாரு. பேய்க்கு அலங்காரம் பண்ணா வேற இன்னா ஆவும்?"

அப்பா நேரம் கழித்துத்தான் வந்தார். அதன் பிறகு அம்மா மறுபடியும் ஆமாம், இல்லை என்று மட்டும் பேசத் தொடங்கினாள். மாத்திரையை மட்டும் சித்தி வாயில் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள்.

அமாவாசை வந்தது. காலையிலேயே பெரியம்மா ஒரு ஆட்டோவைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினாள். கையில் மஞ்சள் பை. பைக்குள்ளிருந்து வேப்பிலைக் கொத்து எட்டிப் பார்த்தது. தெருக்காரர்கள் அவரவர் வாசலுக்கு வந்து நின்றார்கள்.

"இன்னும் கெளம்பலியா? நேரமாவுது. டேய் தம்பி, அவள கையப் புடிச்சி ஏத்து," என்று அப்பாவிடம் சொன்னாள்.

அப்பா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். அசையவில்லை. மறுக்கவும் இல்லை. சித்திதான் கதவை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"மாமா, வாயத் தொறங்க. நீங்க பாண்டிக்கு வந்து கூப்புட்டதாலதான் நான் வந்தேன். அதையாவது சொல்லுங்க."

தெருவே அப்பாவைப் பார்த்தது. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அவர் போனது பூசாரியிடம் இல்லை, பாண்டிச்சேரிக்கு என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பெரியம்மா வாயைத் திறந்தபடி நின்றாள்.

"ஆமா அண்ணி," என்றார் அப்பா. தரையைப் பார்த்துத்தான் பேசினார். "நான்தான் போயி கூப்புட்டேன். பார்லர் வாசல்ல நின்னுக்கினு உள்ள போவ வெக்கமா இருந்திச்சி. அவ வெளிய வர்ற வரைக்கும் எதுத்தாப்புல நின்னேன். உங்க அக்கா தன் மூஞ்சிய பாத்தே பல மாசம் ஆவுது, அவ கொஞ்சம் பழையபடி ஆவணும், எனக்கு இன்னா செய்யறதுன்னு தெரியலம்மான்னு சொன்னேன்."

"அப்ப அன்னிக்கி ஏண்டா மூஞ்சத் திருப்பிக்கினு போன?"

அப்பா தூணிலிருந்து கையை எடுத்தார். பிறகு சொன்னார். "மையெல்லாம் வச்சிக்கினு, சிரிச்சிக்கினு உக்காந்திருந்தா அண்ணி. திரும்பி வந்துட்டான்னு தோணிச்சி. எனக்கு அழுவை வந்துடிச்சி. புள்ளைங்க எதுர்க்க எப்படி அழுவறது? அதான் போயிட்டேன்."

ஆட்டோக்காரர் எஞ்சினை அணைத்தார். வீட்டுக்குள்ளே ஏதோ திறந்து மூடும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் சித்தியின் தோளைத் தள்ளிக்கொண்டு அம்மா வெளியே வந்தாள். இடுப்பில் ஒரு தம்பி. தலை சீவியிருந்தாள். அவளாகவே லிப்ஸ்டிக் போட்டிருந்தாள், பழக்கமில்லாத கையால் போட்டதில் ஒரு ஓரம் மேலே ஏறியிருந்தது. நேராகப் பெரியம்மாவின் முன்னால் வந்து நின்றாள்.

"எனக்குப் பேய் புடிக்கலக்கா," என்றாள். "தூக்கம்தான் புடிச்சிருக்குது. இந்த வெயில்ல நீங்க எதுக்கு அலையறீங்க? வந்து ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போங்க."

யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். பெரியம்மாவின் முகம் சிவந்துபோனது. "உங்க நல்லதுக்குச் சொன்னேன் பாரு, என்னச் சொல்லணும்" என்று ஆட்டோவில் ஏறிக்கொண்டாள். வீடு பக்கத்திலேயே இருப்பது ஆட்டோ கிளம்பிய பிறகுதான் அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். தெரு முனை வரை போய் இறங்கி நடந்து வந்தாள். அதன் பிறகு எங்களோடு பேசவில்லை.

அம்மா ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. மாதாமாதம் நர்சம்மாவைப் போய்ப் பார்த்தாள். சில நாள் மறுபடியும் சுவரைப் பார்த்துப் படுத்தாள். ஆனால் அப்பா சாயங்காலம் தம்பிகளை ஆளுக்கொரு தோளில் போட்டுக்கொண்டு தெருவில் நடக்க ஆரம்பித்தார். முதலில் மற்ற ஆண்கள் கேலி செய்தார்கள். "ஏம்பா, நீயும் ஏணை கட்டிக்க வேண்டியதுதானே" என்றார்கள். அப்பா பதில் பேசாமல் நடந்தார். அவருடைய பேசாத குணம் அதற்கு நன்றாக உதவியது.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகள் தொடங்கின. எதிர் வீட்டில் கைக்குழந்தை வைத்திருந்த பெண் ஒருத்தி, ஜெபத்துக்குப் போய்விட்டு வரும் வழியில் எட்டிப் பார்த்து, "எனக்கும் கொஞ்சம் கால பாக்கறியா?" என்று சித்தியைக் கேட்டாள். அடுத்த வாரம் உப்பளத்தில் வேலை செய்யும் இரண்டு பேர் இடுப்புப் பிள்ளையோடு வந்தார்கள். பக்கத்து ஊரான கூனிமேட்டிலிருந்து வளையல் கூடையோடு வரும் அம்மா ஒருவர், மருதாணி அரைத்து ஒரு டப்பாவில் கொண்டுவந்து வைத்துவிட்டு, தானும் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார். ஒருத்தி உட்கார்ந்தால் மற்றவர்கள் அவள் பிள்ளையைப் பார்த்துக்கொள்வார்கள். அதுதான் சித்தி போட்ட ஒரே சட்டம். எங்கள் வீட்டுக்குள் தேங்காயெண்ணெயும் மருதாணியும் பவுடரும் குழந்தை மூத்திரமும் கலந்து ஒரு வாசம் அடிக்கும். யாராவது புருஷனைப் பற்றி ஏதாவது சொல்லிவிட்டு என் பக்கம் பார்ப்பார்கள். நான் ஏணை ஆட்டுவதில் மும்முரமாக இருப்பது போல இருந்துகொள்வேன்.

சித்திக்குப் பாண்டிச்சேரி வேலை போய்விட்டது. தெருவில் பேசிக்கொண்ட மாதிரி துரத்தப்பட்டு அவள் எங்களிடம் வரவில்லை. எங்களிடம் வந்து நாள்கணக்கில் தங்கியதால்தான் வேலை போனது. அதை அவள் எங்களிடம் சொல்லவே இல்லை. மழைக்கு முன்னால் வேறொரு பார்லரில் இடம் கிடைத்துக் கிளம்பினாள். போகும்போது சிவப்புப் பெட்டியை அம்மாவிடமே விட்டுவிட்டுப் போனாள். "ஞாயித்துக்கிழமைய விட்டுடாதக்கா" என்று பஸ் படியில் நின்றுகொண்டு கத்தினாள். அம்மா விடவில்லை.

அப்படி ஒரு ஞாயிறு. வந்தவர்களெல்லாம் போய்விட்டார்கள். அம்மா டப்பைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் நிழல் விழுந்தது. பெரியம்மா. உள்ளே வரலாமா என்று தெரியாமல் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றாள். அந்தப் பெரிய குரல் எங்கேயோ போயிருந்தது.

"குதிகால் ரொம்ப வலிக்குது. நடக்க முடியல," என்றாள்.

அம்மா ஒன்றும் கேட்கவில்லை. டப்பில் வெந்நீர் ஊற்றினாள். பெரியம்மாவை உட்கார வைத்துக் காலை எடுத்து உள்ளே வைத்தாள். பிறகு ஒவ்வொரு விரலாகத் தேய்க்கத் தொடங்கினாள். பெரியம்மா தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள், வேறு யாருடைய காலையோ பார்ப்பது போல. கடைசியில் அவள்தான் பேசினாள்.

"என்னையும் அப்படித்தான் கூட்டிம்போனாங்க. ரெண்டாவது பெத்தப்போ. புள்ளைய தூக்க மாட்டேன்னு கெடந்தேனாம். பூசாரி வேப்பிலையால அடிச்சான்."

அம்மாவின் கை நின்றது. "வலிச்சிதாக்கா?"

"வலிக்காம? முதுகு தோலே உரிஞ்சிடிச்சி. ஆனா அதுக்கு அப்பறம் எழுந்துக்க முடியலன்னு என்ன படுக்க வுட்டாங்க. வேல சொல்லல. வேளைக்கு சோறு வந்திச்சி. புள்ளைய யாரோ பாத்துக்கினாங்க. நல்லா தூங்கினேன். தெளிஞ்சிடிச்சி." பெரியம்மா மூக்கை உறிஞ்சினாள். "அடிதான் தெளிய வச்சிதுன்னு இத்தினி வருசமா நெனச்சிக்கினு இருந்தேன். அதான் உன்னையும்... உனக்கு நல்லதுன்னுதான்..."

அம்மா அவளைப் பேசி முடிக்கச் சொல்லவில்லை. ஈரக் கையாலேயே பெரியம்மாவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அம்மா காலைத் துடைத்துத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "எந்தக் கலருக்கா?" என்றாள்.

"ஐயய்ய, எனக்கு எதுக்குடி? பேரன் எடுத்துட்டேன்."

"சேப்பா, ரோஸா?"

பெரியம்மா வாசலை ஒருமுறை பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "சேப்பு," என்றாள் மெதுவாக.

பத்து விரலுக்கும் அம்மா சிவப்பு வைத்தாள். காயட்டும் என்று சொன்னால் பெரியம்மாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, விரல்கள் மண்ணில் படாமல் குதிகாலாலேயே நடந்து தெருவில் போனாள். எதிரே வந்தவர்களெல்லாம் நின்று பார்த்தார்கள். அவள் நிமிர்ந்துதான் நடந்தாள். அவள் வீட்டு வாசலில் பெரியப்பா கட்டிலில் உட்கார்ந்து, இன்னும் சோறு போடலியா என்று கத்திக்கொண்டிருந்தார். பெரியம்மா அவரைத் தாண்டிப் போய், கட்டிலின் இன்னொரு முனையில் உட்கார்ந்து, இரண்டு காலையும் வெயிலில் நீட்டிக்கொண்டாள். அந்தப் பெரிய குரல் தெரு முழுக்கக் கேட்டது.

"சோறு குண்டான்ல இருக்குதுய்யா. போயி நீயே போட்டுத் துன்னு. எனக்கு நெயில் பாலிஷ் இன்னும் காயல."